வெட்ட வெட்டப் பெருக்கும் புண்ணுக்குப் பயோலொஜிக் ஊசி

கேள்வியைச் சுருக்கி முதலிலேயே எழுதிவிடுகிறேன், இதே நிலையில் இருக்கிற வேறு ஆக்களுக்கும் உதவும். சாவகச்சேரிப் பக்கம். அம்மாவுக்கு 58 வயது, 64 கிலோ, பத்து வருடமாகச் சலரோகம். இடது காலில் முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்தில் சின்னக் கொப்புளம் ஒன்று வந்து, இரண்டு மூன்று நாளில் உடைந்து புண்ணானது. சலரோகப் புண் என்று இரண்டு தரம் தியேட்டருக்குக் கொண்டுபோய் வெட்டித் துப்புரவாக்கினார்கள். ஒவ்வொரு தரமும் புண் பெருத்ததே தவிரக் காயவில்லை. விளிம்பு சிவந்து உள்ளே குடைந்து, தொட்டால் நோகிறது. தோல் நிபுணர் பயோப்சி (சோதிக்க வெட்டும் தோல் துண்டு) எடுத்த பிறகுதான் பயோடெர்மா கங்க்ரினோசம் என்று தெரிந்தது. பிரெட்னிசலோன் என்ற ஸ்டெரொயிட் குளிசை 40 மில்லிகிராம் ஆறு கிழமையாகப் போகிறது. நோவு கொஞ்சம் குறைந்தது, புண் அப்படியே நிற்கிறது, சீனி 300ஐத் தாண்டுகிறது. இப்போது இன்ஃப்ளிக்சிமாப் அல்லது அடாலிமுமாப் என்கிற பயோலொஜிக் (புரத மருந்து) ஊசி போடலாம் என்கிறார்கள். போடலாமா, என்ன பார்க்கவேண்டும், வீட்டில் என்ன செய்யவேண்டும்?

போடலாம். இந்த நிலையில் போடவேண்டிய மருந்தும் அதுதான். ஆனால் ஊசி போடுகிற நாளைவிட அதற்கு முந்திய இரண்டு கிழமையில் என்ன பார்க்கப்படுகிறது என்பதில்தான் அம்மாவின் நலம் தங்கியிருக்கிறது. பயோடெர்மாவை ஆற்றுகிற அதே ஊசியை, உள்ளே காசநோயோ, மண் கிருமியால் வருகிற மெலியொய்டோசிஸோ இருக்கிற உடம்புக்குப் போட்டால் ஆளையே கொண்டுபோகலாம். பயோடெர்மாப் புண்ணும் இந்தத் தொற்றுகளின் புண்ணும் வெளியில் ஒரே மாதிரித் தெரியக்கூடியவை.

முதலில் நோய். இது தொற்று இல்லை, சதை அழுகலும் இல்லை. 1930 இல் மேயோ கிளினிக்கில் பிரன்ஸ்டிங், கெக்கர்மன், ஓலியரி மூவரும் இதை விவரித்தபோது பற்றீரியாதான் காரணம் என்று நம்பினார்கள். பிறகுதான் அது பிழை என்று தெரியவந்தது. கிருமியை எதிர்க்க வேண்டிய நியூட்ரோபில் என்ற வெள்ளைக் குருதிக்கலங்கள், எதிரி இல்லாத இடத்தில் கூட்டமாகக் குவிந்து தோலைக் கரைக்கின்றன. அவற்றைக் கூப்பிடுகிற சமிக்ஞைகளில் டிஎன்எஃப் ஆல்ஃபா, இன்டர்லூக்கின் 1, இன்டர்லூக்கின் 8 ஆகியவை முக்கியமானவை. இன்ஃப்ளிக்சிமாப், அடாலிமுமாப் இரண்டும் இதில் டிஎன்எஃப் ஆல்ஃபாவைத் தடுக்கிற ஊசிகள். தோலில் கத்தி பட்டால், தையல் போட்டால், சில பேருக்கு ஊசி குத்தினாலே கூட, அந்தச் சமிக்ஞை திரும்பவும் எழும். இதைப் பதெர்ஜி என்பார்கள். எல்லோருக்கும் வருவதில்லை, வருகிறவர்களுக்கு ஒவ்வொரு வெட்டும் புண்ணுக்குப் புதுக் கரை போட்டுக்கொடுக்கும். அம்மாவுக்கு நடந்தது அதுதான். வெட்டியவர்களை நோவதற்கில்லை. சலரோகக்காரரின் காலில் கறுத்த சதையோடு வருகிற புண்ணில் நூற்றில் பெரும்பங்கை வெட்டித்தான் ஆகவேண்டும், வெட்டாமல் விட்டால்தான் கால் போகும். ஆனால் ஒரு தரம் வெட்டி, நல்ல அன்ரிபயோட்டிக்கும் கொடுத்து, ஒரு கிழமைக்குள் புண் ஊதா விளிம்போடு இன்னும் அகலுகிறது என்றால் இரண்டாம் தரம் கத்தி எடுக்க முன் பயோப்சி கேட்கவேண்டும்.

நோயைத் தீர்மானிக்க ஒரு தனி இரத்தப் பரிசோதனை இன்றுவரை இல்லை. 2018 இல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து வகுத்த அளவுகோல் ஒன்று இருக்கிறது. கட்டாயமாக வேண்டியது ஒன்று: புண்ணின் விளிம்பில் எடுத்த பயோப்சியில் நியூட்ரோபில்கள் நிறைந்திருக்கவேண்டும். அதோடு எட்டுத் துணை அடையாளங்களில் குறைந்தது நாலு பொருந்தவேண்டும்: தொற்று இல்லை என்று காட்டப்பட்டிருத்தல், பதெர்ஜி, குடல் அழற்சியோ மூட்டு அழற்சியோ இருத்தல், கொப்புளமாகத் தோன்றி நாலு நாளுக்குள் புண்ணாதல், சிவந்து உள்ளே குடைந்து தொட்டால் நோகிற விளிம்பு, பல புண்கள் இருந்து அவற்றில் ஒன்றாவது முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்தில் இருத்தல், ஆறிய இடத்தில் சல்லடை மாதிரி அல்லது கசக்கிய கடதாசி மாதிரித் தழும்பு, நிர்ப்பீடனத்தை அடக்கும் மருந்து தொடங்கி ஒரு மாதத்துக்குள் புண் சிறுத்தல். அம்மாவுக்குப் பதெர்ஜி இருக்கிறது, கொப்புளக் கதை பொருந்துகிறது, விளிம்பும் நீங்கள் சொல்கிறபடி பொருந்துகிறது. ஆனால் பிரெட்னிசலோனுக்கு ஆறு கிழமையில் புண் சிறுக்கவில்லை. ஆகவே நாலாவது அடையாளமாக நிற்கவேண்டியது "தொற்று இல்லை" என்பது. அது உண்மையாகவே நிரூபிக்கப்பட்டதா, அல்லது துடைப்புப் பஞ்சில் எடுத்த ஒரு கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கிற சோதனை) ஒன்றும் வளரவில்லை என்பதோடு விட்டுவிட்டார்களா? இதைத்தான் முதலில் கேளுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்கள் பக்கத்தில் இந்தப் புண்ணாக வேடம் போடக்கூடிய நோய்கள் ஐரோப்பியப் புத்தகங்களில் கடைசி வரியில் இருப்பவை. மெலியொய்டோசிஸ் இலங்கையில் மண்ணிலும் வயல் தண்ணீரிலும் இருக்கிற பற்றீரியாவால் வருவது. சலரோகம் உள்ளவர்களைத்தான் தேடிப் பிடிக்கும். மாரி காலத்தில், வெறுங்காலோடு வயலுக்குள் இறங்குகிறவர்களில் கூடுதலாகத் தெரியும். சலரோகம், காலில் புண், வயல் அல்லது தோட்ட வேலை என்று மூன்றும் சேர்ந்தால் மெலியொய்டோசிஸ் இல்லை என்று காட்டாமல் பயோலொஜிக் தொடங்கக்கூடாது. ஆய்வுகூடத்துக்கு அனுப்புகிற படிவத்திலேயே அந்தச் சந்தேகத்தை எழுதவேண்டும். எழுதாவிட்டால் வளர்ந்த கிருமியைச் சாதாரண சூடோமோனாஸ் என்றோ வெளியில் இருந்து வந்த கலப்படம் என்றோ ஒதுக்கிவிடுகிற ஆபத்து இருக்கிறது. தோல் காசநோயும் அதன் இனத்து வேறு மைக்கோபற்றீரியாக்களும் அடுத்தது. இவற்றின் கல்ச்சர் முடிய ஆறு தொடக்கம் எட்டுக் கிழமை எடுக்கும். ஆகவே பயோப்சி எடுத்த அன்றே அனுப்பியிருக்கவேண்டும். அநுராதபுரம், பொலநறுவைப் பக்கம் வேலை செய்துவிட்டு வந்தவரானால் மணல் ஈயால் வருகிற லீஷ்மானியாவையும் நினைக்கவேண்டும். அது பெரும்பாலும் நோகாது, மாதக்கணக்கில் மெதுவாக வளரும். பயோடெர்மாவோ உயிர் போகிற நோவு, நாளுக்கு ஒரு சென்ரிமீற்றர்கூட அகலும். இவற்றைவிட இரத்தக்குழாய் அழற்சி, அன்ரிபொஸ்போலிப்பிட் நோய், நாளப் புண், நாடி அடைப்புப் புண், தோல் புற்று எல்லாம் இந்தப் பெயரோடு நடமாடும். பயோடெர்மா என்று முடிவு செய்யப்பட்டவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு உண்மையில் வேறு நோய் இருந்தது என்று 2002 இல் வெளியான ஒரு பெரிய தொகுப்புக் காட்டியது.

பயோப்சி எப்படி எடுக்கப்பட்டது என்பதும் முக்கியம். நடுப் புண்ணில் கிள்ளி எடுத்த துண்டு பயன்படாது. விளிம்பைக் குறுக்காக வெட்டி, ஒரு முனை நல்ல தோலிலும் மறுமுனை புண்ணிலும் இருக்க, கீழே கொழுப்பு வரை ஆழமாக எடுத்த நீளத் துண்டு வேண்டும். அதில் பாதி போர்மலினில் நோயியல் பகுதிக்குப் போகும். மற்றப் பாதி போர்மலின் படாமல், சேலைன் நனைத்த துணியில் சுற்றி நுண்ணுயிரியல் பகுதிக்குப் போகவேண்டும். முழுத்துண்டையும் போர்மலினில் போட்டுவிட்டால் கல்ச்சர் செய்ய ஒன்றும் மிஞ்சாது. இது அடிக்கடி நடக்கிற பிழை. பதெர்ஜிக்குப் பயந்து பயோப்சியே வேண்டாம் என்று சில இடங்களில் சொல்வார்கள். பிரெட்னிசலோன் போய்க்கொண்டிருக்கும்போது எடுத்தால் புண் பெருக்கிற ஆபத்துக் குறைவு. அம்மாவின் முதல் பயோப்சியில் கல்ச்சர் செய்யப்படவில்லை என்றால் இப்போது திரும்ப எடுப்பதே சரி என்பது என் எண்ணம்.

இந்த நோயில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு உள்ளே வேறொரு நோய் ஒளிந்திருக்கும்: குடல் அழற்சி, மூட்டு வாதம், இரத்த நோய்கள். அம்மாவிடம் நேரே கேளுங்கள், வயிற்றோட்டம் அடிக்கடி வருகிறதா, மலத்தில் இரத்தம் போகிறதா, இரவில் எழும்பிப் போகவேண்டி வருகிறதா என்று. எங்கள் அம்மாமார் இதை மூலம் என்று நினைத்து வருடக்கணக்காகச் சொல்லாமல் இருப்பார்கள். இரத்தத்தில் முழு எண்ணிக்கையும் பிளட் பிக்சரும், புரத எலெக்ரோபோரெசிஸ், வாதக் காரணி, ஆன்கா, அன்ரிபொஸ்போலிப்பிட் பரிசோதனைகள் பார்க்கவேண்டும். குடலில் அறிகுறி இருந்தால் கொலனோஸ்கொப்பி. குடல் நோய் இருந்தால் மருந்துத் தெரிவும் மாறும்: டிஎன்எஃப்பைத் தடுக்கிற இன்னொரு ஊசியான எட்டனர்செப்ட் குடலுக்கு உதவாது, இன்டர்லூக்கின் 17ஐத் தடுக்கிற ஊசிகள் குடலைக் கெடுக்கக்கூடும், பயோடெர்மாவையே கிளப்பிய சம்பவங்களும் உண்டு.

இனி ஊசிக்கு முந்திய பரிசோதனை. காசநோய்தான் பெரியது. டிஎன்எஃப், நுரையீரலில் உறங்கிக் கிடக்கிற காசக் கிருமியைச் சுற்றிக் கலங்கள் கட்டிய சுவரைத் தாங்கி நிற்கிறது. அதைத் தடுத்தால் சுவர் இடியும். மார்பு எக்ஸ்றேயும், தோலில் போடுகிற மான்டூ அல்லது இரத்தத்தில் செய்கிற இக்ரா பரிசோதனையும் வேண்டும். எங்கள் ஆக்களில் பெரும்பாலோர் பிசிஜி போட்டவர்கள் என்பதால் மான்டூ பொய்யாகக் கொஞ்சம் எழும்பலாம்; இக்ராவைப் பிசிஜி குழப்பாது. அம்மாவுக்கு மறுபக்கத்துச் சிக்கல்தான் கூட: ஆறு கிழமை 40 மில்லிகிராம் பிரெட்னிசலோன் எடுத்தவருக்கு இரண்டு பரிசோதனையும் பொய்யாக நெகற்றிவ் காட்டலாம். ஆகவே 5 மில்லிமீற்றர் வீக்கத்தையே பொசிற்றிவ் என்று எடுக்கவேண்டும், நெகற்றிவ் என்றாலும் வீட்டில் எவருக்காவது சயரோகம் வந்ததா, ஆஸ்பத்திரியிலோ முகாமிலோ நெருங்கியிருந்த காலம் உண்டா என்ற கதையைக் கேட்டுத்தான் முடிவெடுக்கவேண்டும். உறங்குகிற காசம் என்று முடிவானால் மார்பு நோய் கிளினிக்கில் ஐசோநயசிட் தொடங்கி, குறைந்தது ஒரு மாதம் போன பிறகு பயோலொஜிக் போடலாம். றிபம்பிசின் உள்ள சிகிச்சை என்றால் ஒரு எச்சரிக்கை: அது ஈரலில் பிரெட்னிசலோனை வேகமாகக் கரைத்துவிடும், குளிசை எடுத்தும் எடுக்காத மாதிரி ஆகிப் புண் கிளம்பும். நிர்ப்பீடனத்தை அடக்குகிற இன்னொரு மருந்தான சைக்லோஸ்போரினுக்கும் அதே கதி.

மற்றவை சுருக்கமாக: ஹெப்பரைற்றிஸ் பி மேற்பரப்பு அன்ரிஜனும் கோர் அன்ரிபொடியும், ஹெப்பரைற்றிஸ் சி, எச்ஐவி, ஈரல், சிறுநீரகம். மண்ணில் வெறுங்காலோடு திரிகிறவருக்கு ஸ்ட்ரொஞ்சிலொய்டிஸ் புழு இருக்கலாம், ஸ்டெரொயிட்டில் அது உடம்பெல்லாம் பரவும். பரிசோதிக்க வசதி இல்லையென்றால் ஐவர்மெக்ரின் கொடுத்துவிடுவதே புத்தி. இதயம் பலவீனமாக இருந்து நடந்தாலே மூச்சு வாங்குகிறது என்றால் எக்கோ (இதய ஸ்கான்) பார்க்காமல் டிஎன்எஃப் தடுப்பு மருந்து வேண்டாம். உயிருள்ள தடுப்பூசிகள் கூடாது. ஃப்ளூ, நியூமோகொக்கல் ஊசிகளை முன்னரே போட்டுக்கொள்ளலாம். அம்மாவுக்குப் பொருந்தாது, ஆனாலும் இதை வாசிக்கிற இளம் பெண்களுக்காக: கர்ப்பத்தில் இன்ஃப்ளிக்சிமாப் எடுத்திருந்தால் பிள்ளைக்குப் பிறந்த அன்று வழமையாகப் போடுகிற பிசிஜியைப் போடக்கூடாது, 12 மாதம் வரை தள்ளவேண்டும். பிரசவ வாட்டில் இதை நீங்கள்தான் வாய்திறந்து சொல்லவேண்டும்.

மருந்துகளின் பலம் எவ்வளவு? பிரித்தானியாவில் நடந்து 2015 இல் வெளியான ஆய்வில் பிரெட்னிசலோனையும் சைக்லோஸ்போரினையும் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். ஆறு மாதத்தில் ஆறியவர்கள் இரண்டு பக்கமும் 47 சதவீதம். அதாவது வழமையான சிறந்த மருந்திலும் பாதிப் பேருக்கு மேல் ஆறவில்லை. அம்மா அந்தப் பாதியில் ஒருவர், அவ்வளவுதான். இன்ஃப்ளிக்சிமாப்புக்கு 2006 இல் வெளியான ஆய்வு 30 பேரில் நடந்தது, கிலோவுக்கு 5 மில்லிகிராம். இரண்டாம் கிழமையில் முன்னேறியவர்கள் மருந்து எடுத்தவர்களில் 46 சதவீதம், வெறும் சேலைன் எடுத்தவர்களில் 6 சதவீதம். பிறகு எல்லோருக்கும் மருந்து கொடுத்தபோது ஆறாம் கிழமையில் 69 சதவீதம் பேர் முன்னேறினார்கள். ஆனால் முற்றாக ஆறியவர்கள் 21 சதவீதம்தான். இந்த 21 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஆறு கிழமையில் புண் மூடவில்லை என்று மருந்து தோற்றதாக நினைக்கவேண்டாம். அடாலிமுமாப்பை ஜப்பான் 2020 இல் இந்த நோய்க்கென்றே அங்கீகரித்தது. அங்கே 22 பேரில் செய்த ஆய்வில் 26ஆம் கிழமையில் 12 பேருக்கு இலக்குப் புண் முற்றாக ஆறியது. அளவு பெரியது: முதல் நாள் 160, இரண்டாம் கிழமை 80, நாலாம் கிழமையிலிருந்து கிழமைக்கு 40 மில்லிகிராம். மூட்டு வாதத்துக்குப் போடுகிற இரண்டு கிழமைக்கு 40 என்ற அளவைப் போட்டுவிட்டுச் சரிவரவில்லை என்று சொல்வது நியாயமில்லை.

இரண்டில் எது? வேகம் வேண்டுமானால், குடல் நோயும் இருந்தால், இன்ஃப்ளிக்சிமாப். அது ஆஸ்பத்திரியில் மட்டும் ஏறுவது என்பதால் வீட்டு ஃபிரிட்ஜ் சிக்கலும் இல்லை. அம்மாவுக்கு நான் அதைத்தான் முதலில் நினைப்பேன். எதுவானாலும் ஒரு நிபந்தனை: தொடக்கத்து மூன்று தவணைக்கும் மருந்து கையில் இருக்கிறது என்று உறுதியான பிறகே முதல் ஊசி. 0, 2, 6 கிழமை, பிறகு எட்டுக் கிழமைக்கு ஒரு தரம் என்பதுதான் ஒழுங்கு. இரண்டு போட்டுவிட்டு மருந்து இல்லையென்று நாலு மாதம் நின்றால், உடம்பு அந்த மருந்துக்கே எதிராக அன்ரிபொடி செய்துவிடும். திரும்பத் தொடங்குகிறபோது வேலையும் செய்யாது, ஏறும்போதே ஒவ்வாமையும் வரும். 2022 மருந்துத் தட்டுப்பாட்டை மறந்திருக்கமாட்டீர்கள். வெளியில் வாங்கவேண்டி வந்தால் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையில் பதிந்த மருந்து, பதிந்த இறக்குமதியாளர், பெட்டியில் தொகுதி இலக்கம், பற்றுச்சீட்டு, எல்லாம் பார்த்து வாங்குங்கள். 2023 இல் தரமற்ற இம்யூனோகுளோபுளின் ஊசி விவகாரத்தில் நாடே பட்ட பாடு தெரியும். பயோசிமிலர் (அதே மருந்தைப் போல வேறு நிறுவனம் செய்தது) என்றால் தரக்குறைவு என்று அர்த்தமில்லை, பதிந்ததாக இருந்தால் தாராளமாகப் போடலாம். ஒன்றில் தொடங்கினால் இடையில் காரணமில்லாமல் மாற்றாமல் இருப்பது நல்லது.

ஊசி ஏறுகிற நாள். 64 கிலோவுக்கு 320 மில்லிகிராம். குப்பி ஒன்றில் 100 மில்லிகிராம் தூள். 300 உடன் நிறுத்துவதா நாலாவது குப்பியை உடைப்பதா என்பது நிபுணரின் முடிவு, அந்தக் குறைவு பெரிதில்லை. ஒவ்வொரு குப்பிக்குள்ளும் 10 மில்லிலீற்றர் ஊசித் தண்ணீரைச் சுவரோரமாக விடவேண்டும், தூளின் மேல் பீச்சக்கூடாது. பிறகு குப்பியை மேசையில் வைத்து மெல்லச் சுழற்றவேண்டும். குலுக்கினால் நுரைக்கும், மருந்து ஒரு புரதம், கெட்டுவிடும். ஐந்து நிமிடம் விட்டால் நிறமில்லாமலோ இலேசான மஞ்சளாகவோ தெளியும். 250 மில்லிலீற்றர் சேலைன் பையிலிருந்து 32 மில்லிலீற்றரை எடுத்துக் கொட்டிவிட்டு மருந்தை விடவேண்டும். டெக்ஸ்ரோஸில் கலக்கக்கூடாது. 1.2 மைக்றோனோ அதற்குக் குறைவோ உள்ள வடிகட்டி பொருத்திய குழாய் வேண்டும். கலந்து மூன்று மணித்தியாலத்துக்குள் ஏற்றத் தொடங்கி, இரண்டு மணித்தியாலத்துக்குக் குறையாமல் ஏற்றவேண்டும். வடிகட்டி சாதாரண ட்ரிப் செட்டோடு வராது என்பதால் முதல்நாளே மிஸ்ஸியிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் அன்று திரும்பி வருகிறவர்கள் உண்டு. ஏறும்போது நெஞ்சு இறுகுதல், முகம் சிவத்தல், நடுக்கம், கடி வந்தால் "கொஞ்சம் பொறுப்பம்" என்று இருக்காமல் உடனே சொல்லவேண்டும், நிறுத்திவிட்டு மெதுவாகத் திரும்பத் தொடங்கலாம். முடிந்த பிறகும் ஒரு இரண்டு மணித்தியாலம் அங்கேயே இருங்கள். மூன்று நாள் தொடக்கம் பன்னிரண்டு நாளுக்குள் மூட்டு நோவு, காய்ச்சல், தடிப்பு வந்தால் அதுவும் மருந்தின் வேலையாக இருக்கலாம்.

அடாலிமுமாப் என்றால் சூடுதான் எதிரி. 2 தொடக்கம் 8 பாகையில் இருக்கவேண்டும். வெளியில் 14 நாள் வைக்கலாம் என்று பெட்டியில் எழுதியிருப்பது 25 பாகைக்கு உட்பட்டது. சித்திரை வைகாசியில் யாழ்ப்பாணத்து வீட்டில் எந்த அறையும் 25இல் இருப்பதில்லை. ஆகவே அந்த வசதி எங்களுக்கு இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வருவதானால் தடித்த ரெஜிபோம் பெட்டியில், ஐஸ் பாக்கெட்டுக்கும் மருந்துக்கும் நடுவில் துவாய் ஒன்றைச் சுற்றி வையுங்கள். ஐஸில் நேரே தொட்டு உறைந்தாலும் மருந்து போச்சு, உருகிய பிறகு தெளிவாகத் தெரிந்தாலும் போடக்கூடாது. வீட்டில் ஃபிரிட்ஜ் கதவில் வைக்காமல் நடுத்தட்டில், பின்சுவரில் முட்டாமல். போடுவதற்கு அரை மணித்தியாலத்துக்கு முன் வெளியில் எடுத்தால் ஊசி எரிவு குறையும். தொப்புளிலிருந்து 5 சென்ரிமீற்றர் தள்ளி வயிற்றில், அல்லது புண் இல்லாத காலின் தொடையில். போட்ட இடத்தில் இரண்டு நாள் கழித்துச் சீழ்க் கொப்புளம் தோன்றினால் நசுக்காமல் படம் எடுத்துத் தோல் கிளினிக்கில் காட்டுங்கள், அது பதெர்ஜியாக இருக்கலாம்.

பிரெட்னிசலோனை ஊசி போட்ட சந்தோசத்தில் நிறுத்திவிடாதீர்கள். ஆறு கிழமை எடுத்தவரின் அதிரீனற் சுரப்பி தூங்கிப்போயிருக்கும். சடுதியாக விட்டால் இரத்த அழுத்தம் விழுந்து மயங்கலாம், புண்ணும் சீறும். ஊசிக்குப் பலன் தெரிந்த பிறகு கிழமைக்குக் கொஞ்சமாக, நிபுணர் எழுதுகிற கணக்கில் குறைக்கவேண்டும். சீனியைக் காலையில் வெறும் வயிற்றில் மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். காலையில் எடுக்கிற பிரெட்னிசலோன் மத்தியானத்துக்குப் பிறகுதான் சீனியை ஏற்றும், ஆகவே இராச்சாப்பாட்டுக்கு முன்னும் பாருங்கள். 300 என்று நிற்கிற சீனியில் எந்த ஊசி போட்டாலும் புண் மூடச் சுணங்கும். இன்சுலினுக்கு மாறச் சொன்னால் மறுக்கவேண்டாம். நோவுக்கு டைக்ளோபெனாக் வாங்கிக் கொடுக்கவேண்டாம், பிரெட்னிசலோனோடு சேர்ந்தால் இரைப்பையில் இரத்தம் கசியும். பனடோல் 1 கிராம் நாளுக்கு நாலு தரம் வரை, போதாவிட்டால் டிராமடோல் வகையை எழுதித் தரும்படி வைத்தியரைக் கேளுங்கள். நோவை அடக்கக் கேட்பது செல்லம் கொஞ்சுவது இல்லை, இந்தப் புண் அப்படி நோகும்.

புண் கட்டுவதில் சட்டம் ஒன்றுதான்: எதையும் பிய்க்காதே. காய்ந்து ஒட்டிய துணியை இழுத்தால் அதுவும் ஒரு வெட்டு. கட்டை அவிழ்க்க முன் சேலைனால் பத்து நிமிடம் நனைய விடுங்கள். சேலைன் இல்லையென்றால் ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீருக்கு மட்டமாக ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு, ஏறக்குறைய 9 கிராம், அன்றன்று செய்து மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். ஹைட்ரஜன் பெரொக்சைட், பப்பாசிப் பால், வேப்பிலை மஞ்சள் அரைப்பு, பரியாரியாரின் எண்ணெய் எல்லாம் இந்தப் புண்ணுக்கு வேண்டாம். மற்றப் புண்ணில் உதவியது என்று சொல்வார்கள், இது மற்றப் புண் இல்லை. மஞ்சள் படிவைச் சுரண்டாமல் ஜெல் வைத்து இளக விடலாம். மேலே சிலிக்கோன் அல்லது பரபின் வலை, அதன் மேல் நீர் உறிஞ்சுகிற பஞ்சு. பிளாஸ்ரர் தோலில் ஒட்டாமல் சுற்றுத்துணியால் கட்டுங்கள். விளிம்பு ஊதாவாக இருக்கும்வரை குளோபெற்றசோல் 0.05 சதவீதக் களிம்பு அல்லது டக்ரொலிமஸ் 0.1 சதவீதக் களிம்பை விளிம்பில் பூசச் சொல்வது வழமை. கால் வீங்கியிருந்தால் அழுத்தக் கட்டு நன்றாக உதவும், ஆனால் அதற்கு முன் நாடி ஓட்டம் பார்க்கவேண்டும். சலரோகக்காரரின் நாடி சுண்ணாம்பு ஏறி இறுகியிருப்பதால் கணுக்கால் அழுத்தக் கணக்குப் பொய்யாக நல்லது என்று காட்டும். கால் பெருவிரல் அழுத்தமோ டொப்ளரோ கேளுங்கள்.

ஆறுகிறதா என்று கண்மதிப்பில் சொல்ல ஏலாது. கிழமைக்கு ஒரு தரம், ஒரே நாளில், பக்கத்தில் அடிமட்டம் வைத்து ஒரே உயரத்திலிருந்து படம் எடுங்கள். அதிகூடிய நீளமும் அதற்குச் செங்குத்தான அகலமும் கிளினிக் கொப்பியில். முதலில் குறைவது நோவு, பல பேருக்கு முதல் இரண்டு கிழமைக்குள். பிறகு ஊதா விளிம்பு மங்கித் தட்டையாகும். அதற்குப் பிறகுதான் விளிம்பிலிருந்து மெல்லிய நூல் நூலாகப் புதுத்தோல் புண்ணுக்குள் இறங்கும். அதை அழுக்கென்று நினைத்துத் துடைத்துவிடாதீர்கள். அளவு சுருங்குவது கடைசி. ஆறாம் கிழமையிலும் நோவு குறையவில்லை, விளிம்பு ஊதா, அளவு கூடுகிறது என்றால் அளவைக் கூட்டுவதற்கு முன் திரும்பவும் பயோப்சி, திரும்பவும் கல்ச்சர். அதிலும் பயோடெர்மாதான் என்றால் உஸ்ரெக்கினுமாப், இன்டர்லூக்கின் 1ஐத் தடுக்கிற அனக்கின்றா போன்றவை இருக்கின்றன. அவற்றுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் சிறு தொகுப்புகள்தான், இன்ஃப்ளிக்சிமாப் அளவுக்கு ஆய்வுப் பலம் இல்லை.

காய்ச்சல் 38 பாகை தாண்டினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, அடுத்த தவணை ஊசி நிற்கவேண்டும். கார்த்திகை தொடக்கம் தை வரை இங்கே டெங்குக் காலம் என்பதால் முழு இரத்த எண்ணிக்கை அன்றே பார்க்கவேண்டும். ஆனால் "டெங்கு நெகற்றிவ்" என்றவுடன் வீட்டுக்கு வந்துவிடாதீர்கள், பயோலொஜிக் போடுகிறவர் என்று சொல்லி இரத்தக் கல்ச்சர் கேளுங்கள். மழைக்காலத்தில் வயல், சேற்று வெள்ளம் இரண்டிலும் அம்மா கால் வைக்கவே கூடாது. இரண்டு கிழமைக்கு மேல் இருமல், இரவு வியர்வை, உடம்பு மெலிதல், கழுத்தில் கட்டி, காரணம் தெரியாத வயிற்று வீக்கம் ஆகிய எல்லாம் காசத்துக்கான எச்சரிக்கை மணிகள். இந்த மருந்தில் வருகிற காசம் நுரையீரலை விட்டு வேறு இடத்தில் கிளம்புவது சாதாரணம்.

புண் மூடிய பிறகும் ஊசியைச் சில மாதங்களாவது தொடர்வார்கள், ஏனென்றால் திரும்பி வருகிற நோய் இது. தோல் ஒட்டுவதைப் பற்றி இப்போதே கதை வந்தால், நோய் முற்றாக அடங்கி மருந்தும் போய்க்கொண்டிருக்கிறபோது மட்டும் என்று சொல்லுங்கள். சீறுகிற புண்ணில் ஒட்டினால் ஒட்டும் போகும், தோல் எடுத்த தொடையிலும் புதுப் புண் வரும். அம்மாவின் வயதில் அடுத்து வரக்கூடியது கண் புரை, பல், முழங்கால் என்று வேறு சத்திரசிகிச்சைகள், அவையும் வெட்டுத்தான். கிளினிக் கொப்பியின் முன் மட்டையில் நோயின் பெயரையும் "தோல் நிபுணரைக் கேட்காமல் வெட்டக்கூடாது" என்பதையும் சிவப்புப் பேனையால் எழுதி, போடுகிற ஊசியின் பெயர், கடைசித் தவணைத் திகதி, தொகுதி இலக்கம் மூன்றையும் கீழே ஒவ்வொரு தரமும் பதிந்துவாருங்கள். இரவில் அவசரப் பிரிவில் நிற்கிற புது வைத்தியருக்கு அந்த மட்டையைத் தவிர வேறு எதுவும் தெரிந்திருக்காது.